சோதனை_27

பெலேமில் மழை மூன்று மணிக்கு வரும்.
அதற்குப் பிறகு உடைந்த கைபேசியோடு
ஒருவரும் என் கடைக்கு ஏற மாட்டார்கள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மடிக்கணினியைத் திறப்பேன்.
நான்கு ஜிபி நினைவகம், ஒற்றைக் கீல்,
விசிறி போடும் சத்தத்துக்கு
பக்கத்துக் கடை மீன்காரி ஜுசாரா கேட்பாள்:
"டிலெர்மாண்டோ, விமானம் எத்தனை மணிக்கு?"

மூன்று மென்பொருள்கள்.
முப்பது நாள் முடிவதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவதுக்கு மாத வாடகை.
கட்டத் தவறினால் என் படங்களை எனக்கே
கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டும்.
இரண்டாவது இலவசம்.
என் கணினியில் அதன் கோடு
மின்னல் போன பிறகு வரும் இடி.
ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன்,
கை தாளின் ஓரம் போய்விட்டது,
கோடு இன்னும் ஆற்றுக்கு அக்கரையில்.
மூன்றாவதை ஒருமுறை வாங்கினால் போதும்,
ஞாயிறு நள்ளிரவு வரை பாதி விலை.
பாதி விலை என்றால்
நான் மாற்றித் தர வேண்டிய பதினொரு திரைகள்.

என்ன வரைவதற்கு என்று கேட்டால்தான் கூச்சம்.

ஓர் அனிமே. ஐந்தாம் அத்தியாயம்.
நாற்பது நொடி வந்துபோகும் வாயிற்காவலன்.
பெயர் கிடையாது, கடைசிப் பட்டியலில் "காவலன் 2".
நாயகன் கதவைத் திற என்கிறான்.
இவன் "இல்லை" என்கிறான்.
அடுத்த காட்சியில் கதவு இவன்மேல் விழுகிறது.
நாயகனை வரைய உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.
தலைமுடியை மட்டும் நூறு விதமாக வரைகிறார்கள்.
காவலன் 2-க்கு நான் ஒருவன்.

பென்சில் முனை பார்க்க அவன் தோள்.
மைத்தூரிகைக்கு அவன் தலைக்கவசம்.
அடுக்குகள் எத்தனை தாங்கும் என்று
நிழலுக்கு ஒன்று, ஈட்டிக்கு ஒன்று, தாடிக்கு ஒன்று.
பதினேழாவது அடுக்கில் திரை உறைந்து
அவன் பாதி முகத்தோடு
கால் மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
சோதனை_1. சோதனை_4_சரி. சோதனை_9_இதுதான்.
சோதனை_9_இதுதான்_இல்லை.

பிறகு பேச்சுக்குமிழி.
எங்கள் ஊர் "இல்லை"க்கும் மூன்று எழுத்துதான்.
நடு எழுத்து தலையில் ஓர் அலையைச் சுமக்கும்.
இலவச மென்பொருளின் எழுத்துருவுக்கு
அந்த அலையைத் தெரியாது.
அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டது.
காவலன் வாயைத் திறந்தான்,
நடுவில் ஒரு கட்டம்.
எழுத்துருவை மாற்றினேன், கட்டம்.
திட்டினேன், கட்டம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
நான்கு கோடு, உள்ளே வெள்ளை.
ஓர் ஆள் குனிந்து நுழையலாம்.

ஜுசாரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து
செதில் ஒட்டாத சுண்டுவிரலால்
அம்புக்குறியை அழுத்தினாள்.
ஒன்று, இரண்டு, பதினான்கு, இருபது.
தடித்த கோட்டில் நின்றவன்
மெல்லிய கோட்டில் ஈட்டியைச் சாய்த்தான்.
வாடகைக் கோட்டில் கவசத்தைக் கழற்றினான்.
"எங்கே கிளம்பிவிட்டான் இவன்?"
அவன் கிளம்பியதே
அவள் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிறு பதினொன்றரைக்கு
அட்டையின் எண்களை மூன்றாவதில் அடித்து வைத்தேன்.
கடைசி மூன்று எண் மட்டும் பாக்கி.
அதற்கு முன்னால் ஒரே ஒரு கால் என்று
இலவசத்தைத் திறந்து,
கட்டத்தின் விளிம்பைத் தாண்டும் கால்.
முழங்கால் சரியில்லை. அழித்தேன்.
மறுபடி. பாதம் மீன்போல இருந்தது. அழித்தேன்.
நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.
விலை முழுசாக நின்றுகொண்டிருந்தது.

திங்கள் மூன்று மணி. ஷட்டர் பாதி.
"போய்விட்டானா?" என்றாள்.
"ஒரு கால் இன்னும் உள்ளே."
"அந்தப் பக்கம் மழையா?"
நான் அதை யோசிக்கவே இல்லை.
முதலாவதில் மழைத் தூரிகை உண்டு, வாடகைக்கு.
இதில் துளித் துளியாக நானே போட வேண்டும்,
ஒவ்வொன்றும் தாமதமாக விழும் என்றேன்.

"விழட்டுமே" என்றாள்,
மீன் பெட்டியில் ஐஸ் கொட்டிக்கொண்டே.
"அதற்குள் அவன்
நனையாமல் போய்ச் சேர்ந்துவிடுவான்."